கூலி வேறு, பங்கு வேறு

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயது. மார்த்தாண்டம் பக்கம் ஊர். நாகர்கோவிலில் 14 பேர் வேலை பார்க்கும் ஒரு ஸ்டார்ட்அப்பில் மூன்று வருடமாக சாஃப்ட்வேர் இன்ஜினியராக இருக்கிறேன். சின்ன ஆஸ்பத்திரிகளுக்கும் லேபுகளுக்கும் டோக்கன், பில்லிங் சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறோம். நிறுவனரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். எனக்குக் கோடிங் சொல்லித் தந்ததே அவர்தான். சர்வர் முழுக்க என் பொறுப்பு. வாரத்தில் மூன்று நாலு ராத்திரி இரண்டரை மணிக்கு அலர்ட் வரும். டிஸ்க் நிறைந்திருக்கும். சர்வர் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் பழைய லாக் ஃபைல்களை அழித்து, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் படுப்பேன். சில நாள் அது முடிய நாலு மணி ஆகிவிடும். சிக்னலுக்காக மொட்டைமாடியில் நிற்கும்போது, ரப்பர் பால் வெட்டப் போகிற அப்பா தலையில் லைட்டை மாட்டிக்கொண்டு முற்றத்துக்கு வருவார். “மக்ளே, இன்னும் ஒறங்கலியா?” என்பார்.

சம்பளம் 32,000. ஜனவரிச் சம்பளம் பிப்ரவரி 18இல் வந்தது, பிப்ரவரிச் சம்பளம் மார்ச் 22இல். மார்ச் சம்பளம் பாதிதான் வந்திருக்கிறது. மீதிக்கும் இந்த வருட இன்கிரிமென்ட்டுக்கும் பதிலாகக் கம்பெனியில் அரை சதவீதம் பங்கு தருகிறேன் என்று அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். இதற்கிடையில் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் ஒரு கம்பெனி 45,000க்குக் கூப்பிடுகிறது. நான் போனால் இந்தக் கம்பெனி நின்றுவிடும், அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பேன் என்பதுதான் உறுத்துகிறது. பங்குக்கு ஒப்புக்கொள்ளவா, போகவா?

பதில்:

தம்பி, பங்கு விஷயத்தை அப்பாவிடம் சொன்னீர்களா? என்னைவிட அவருக்கு இது நன்றாகப் புரியும். தோட்டத்து முதலாளி ஒரு நாள், “இந்த மாசம் கூலி பாதிதான். மீதிக்கு அந்த மேட்டுல நிக்கிய பத்து மரம் ஒனக்கு” என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா என்ன கேட்பார்? எந்தப் பத்து மரம் என்பார். எழுதித் தருவியளா என்பார். அது வெட்டுக்கு வந்த மரமா, இன்னும் கன்றா? கன்று என்றால் ஏழு வருடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் நான் வேலையை விட்டுப் போனால் மரம் எனக்கா, உங்களுக்கா? இவ்வளவும் கேட்டுவிட்டு, கடைசியில், “அது இருக்கட்டும், பால் வெட்டின கூலிய தாருங்க” என்பார்.

உங்கள் அண்ணனிடம் நீங்கள் கேட்க வேண்டியதும் இவ்வளவுதான். கூலி வேறு, பங்கு வேறு. மார்ச் மாதம் நீங்கள் பார்த்து முடித்த வேலைக்கு 16,000 ரூபாய் பாக்கி. அது முடிந்துபோன கணக்கு. பங்கு என்பது இனி என்றைக்காவது விலை போகலாம் என்கிற நம்பிக்கை. முந்தையதை அழித்துவிட்டுப் பிந்தையதை எழுதச் சம்மதிக்காதீர்கள். இன்கிரிமென்ட்டுக்குப் பதில் பங்கு என்றால் பேசலாம். பாக்கிச் சம்பளத்துக்குப் பதில் என்றால் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

அரை சதவீதம் என்று வாட்ஸ்அப்பில் வந்த மெசேஜ் மட்டும் உங்களைப் பங்குதாரர் ஆக்கிவிடாது. முதலில் உங்கள் கம்பெனி பிரைவேட் லிமிடெட்தானா என்று பாருங்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். பார்ட்னர்ஷிப் என்றால் பங்கு ஆப்ஷன், அதாவது முன்பே பேசிய விலைக்குப் பிறகு பங்கு வாங்கும் உரிமை, நாம் ஈசாப் என்று சொல்கிறோமே, அதைத் தரவே வழியில்லை. பிரைவேட் லிமிடெட் என்றால், ஒரு திட்டம் எழுதி, பங்குதாரர்கள் தீர்மானம் போட்டு, அந்த உரிமையை உங்களுக்குக் கொடுத்ததாக உங்கள் பெயருக்கு கிராண்ட் லெட்டர் தர வேண்டும். அந்த லெட்டரில் சதவீதம் மட்டும் இருந்தால் போதாது, எத்தனை பங்கு என்ற எண்ணிக்கை வேண்டும். மொத்தம் எத்தனை பங்கு என்பதும் தெரிய வேண்டும். ஒரு லட்சம் பங்கில் 500 என்றால் அரை சதவீதம் சரி. நாளைக்கு ஒரு முதலீட்டாளர் வந்து, அவருக்குப் புதிதாக 25,000 பங்கு வெளியிட்டால், உங்கள் அதே 500 பங்கு 0.4 சதவீதம் ஆகிவிடும். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, அப்படித்தான் நடக்கும். முன்பே தெரிந்திருந்தால் அன்றைக்கு அதிர்ச்சி இருக்காது.

அந்த 500ம் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே கைக்கு வராது. நம் நாட்டுச் சட்டப்படி கிராண்ட் கொடுத்து ஒரு வருடமாவது கழிந்துதான் முதல் பகுதி உங்களுக்குச் சேரும். பெரும்பாலான கம்பெனிகள் மொத்தத்தையும் நாலு வருடத்தில் பிரித்து வைக்கும். முதல் வருடம் முடிவதற்குள் நீங்கள் போனால் பூஜ்யம். இந்த இடம் உங்களுக்கு முக்கியம். மூன்று வருடம் ஏற்கெனவே உழைத்துவிட்டீர்கள். அதையும் கணக்கில் சேர்ப்பீர்களா, இன்றையிலிருந்துதான் எண்ணுவீர்களா என்று கேளுங்கள். சட்டம் சொல்லும் ஒரு வருடத்தை மாற்ற முடியாது; ஆனால் அந்த வருடம் முடிந்ததும் எவ்வளவு சேரும் என்பதைக் கூட்டிக் கொடுக்க முடியும். மனமிருந்தால் செய்வார்.

வரிதான் நிறையப் பேர் கவனிக்காத குழி. ஒரு பங்கை 10 ரூபாய்க்கு வாங்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, வாங்கும் நாளில் அதன் மதிப்பு 1,000 என்று கணக்கிட்டிருக்கிறார்கள் என்று வைப்போம். 500 பங்கையும் வாங்கினால் 4,95,000 ரூபாய் உங்கள் சம்பள வருமானமாகக் கணக்கில் ஏறும். அதற்கு வரி கட்ட வேண்டும். ஒரு பைசா கைக்கு வந்திருக்காது, பங்கை வாங்க ஆளும் இருக்காது. சில ஸ்டார்ட்அப்புகளுக்கு இந்த வரியைத் தள்ளிப்போடும் சலுகை உண்டு, ஆனால் அதற்கென்று தனிச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். வேலையை விட்டால் அந்தச் சலுகையும் முடிந்துவிடும். விட்டபின் எத்தனை நாளுக்குள் பங்கை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதையும் பாருங்கள். 90 நாள் என்று போடுவது வழக்கம். எனக்குத் தெரிந்த பலர் அந்த 90 நாளில் வரிக்கும் வாங்குவதற்கும் பணம் புரட்ட முடியாமல் மொத்தத்தையும் விட்டிருக்கிறார்கள்.

இனி சம்பளம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வர வேண்டும். வேலையை விட்டால் இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பளக் கணக்கை முடித்துத் தர வேண்டும். இதை எடுத்ததும் அண்ணனிடம் போய் ஒப்பிக்க வேண்டாம், சண்டையாகிவிடும். உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். செய்ய வேண்டியது ஒரு மெயில். நாலு வரி. எந்த மாதம், எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குள் எதிர்பார்க்கிறேன். கோபம் வேண்டாம், நன்றியும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் போட்டால் அது காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் காணாமல் போகும்.

மெயில் அனுப்பிய பிறகு நேரில் போய் உட்காருங்கள். உங்கள் அண்ணனைக் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. இந்தத் தொழிலை இந்த மாவட்டத்தில் நடத்துவது எப்படி என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு பில் கொடுத்தால், “டாக்டர் வரட்டும்” என்பார்கள். டாக்டர் வந்தால், “அக்கவுன்டன்ட் லீவு” என்பார்கள். மூன்று மாதம் இழுக்கும். ஆனால் பில் போட்ட மாதத்துக்கே 18 சதவீத ஜிஎஸ்டியை இவர் கட்டியாக வேண்டும், வாடிக்கையாளர் பணம் தந்தாலும் தராவிட்டாலும். அவர்கள் தராத பணத்துக்கு இவர் வரி கட்டுகிறார். அந்த ஓட்டைதான் உங்கள் சம்பளத் தேதியில் தெரிகிறதோ என்னவோ. அதனால் கேளுங்கள்: “அண்ணா, வரவேண்டிய பாக்கி எவ்வளவு? கையில இருக்கிற பணம் எத்தனை மாசத்துக்குக் காணும்?” பங்கு தருகிறேன் என்று சொன்னவரிடம் இதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. பங்காளிக்குக் கணக்கைக் காட்ட மாட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. எண்களைச் சொன்னார் என்றால் அவரோடு இன்னும் பேச இடமுண்டு. “நாமெல்லாம் ஒரே குடும்பம் இல்லியா” என்று பதில் வந்தால், தம்பி, நீங்கள் நோட்டீஸ் எழுதத் தொடங்கலாம். குடும்பத்தில்தான் அதிகமாகக் கணக்குப் பார்ப்பார்கள் என்பது பாகப்பிரிவினை நடந்த வீட்டில் வளர்ந்த எவருக்கும் தெரியும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது சம்பளம் அல்ல, ‘நான் போனால் கம்பெனி நின்றுவிடும்’ என்ற வரி. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2017இல் சென்னையில் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். பதினோரு பேர். ஆன்லைனில் பணம் கட்டும் வேலை. சர்வருக்குள் போகும் சாவி என் லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. அதில் எனக்குப் பெருமை வேறு. சித்தப்பா மகள் கல்யாணத்துக்குத் தக்கலைக்கு வந்திருந்தேன். நவம்பர் 30 காலையில் ஒக்கி அடித்தது. நீங்கள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள், நினைவிருக்கும். முற்றத்தில் நின்ற அயினி மரம் வேரோடு சாய்ந்தது. ரோட்டில் ரப்பர் மரங்கள் பாதியில் முறிந்து குறுக்கே கிடந்தன, போஸ்ட்டுகள் கம்பியோடு படுத்திருந்தன. கரண்ட் இல்லை. மத்தியானத்துக்குள் போன் செத்தது, சார்ஜ் இருந்தவர்களுக்கும் டவர் இல்லை. கடலுக்குப் போனவர்களைத் தேடி கடற்கரை ஊர்கள் அழுதுகொண்டிருந்த நாட்கள் அவை. அதற்கு முன்னால் என் சர்வர் கவலையைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கவலைப்பட்டேன். அந்த வாரம் எங்கள் தளத்தின் எஸ்எஸ்எல் சான்றிதழ், தளம் பாதுகாப்பானது என்று பிரவுசருக்குக் காட்டுவது, காலாவதியாகும். அதைக் கையால் புதுப்பிப்பது நான் ஒருத்திதான். ஊரிலிருந்தே செய்துவிடலாம் என்று வந்திருந்தேன்.

மூன்றாம் நாள் என் தம்பி பைக்கில் ஏற்றிக் கேரளா பக்கம் கூட்டிப் போனான். களியக்காவிளை தாண்டியதும் போன் அதிரத் தொடங்கியது. ஐம்பது அறுபது மெசேஜ். ரோட்டோரம் நின்று வரிசையாக வாசித்தேன். எங்கே இருக்கே. பேமென்ட் நிற்குது. போனை எடு. ப்ளீஸ். அப்புறம் திட்டு. அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. கடைசியில் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண்ணிடமிருந்து ஒன்று: “அக்கா, சரியாயிடுச்சு. நீங்க பத்திரமா இருக்கீங்களா?” நிறுவனரின் மெயில் வழியாக ஹோஸ்டிங் கணக்கைத் திறந்து, சர்வரை அங்கிருந்தே ரீபூட் செய்து, சாவியை மாற்றி, சான்றிதழைப் புதுப்பித்திருக்கிறாள். தளம் ஒன்பது மணி நேரம் நின்றது. கம்பெனி நிற்கவில்லை.

நிம்மதியாக இருந்தது என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மை. கொஞ்சம் வலித்தது. திரும்பிப் போனபோது, அவள் செய்ததையெல்லாம் வரிசையாக ஒரு ஏ4 தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். நான் இரண்டு வருடமாக எழுதாமல் வைத்திருந்த தாள் அது.

நீங்கள் போனாலும் இருந்தாலும் அந்தத் தாளை எழுதுங்கள். சர்வர் எந்தக் கணக்கில் இருக்கிறது, பாஸ்வேர்டுகள் எங்கே, புதுக் கோடை எப்படி ஏற்றுவது, டொமைனும் சான்றிதழும் என்றைக்குக் காலாவதி, பேக்கப்பிலிருந்து எப்படி மீட்பது. எழுதியதை இன்னொருவர் கையில் கொடுத்து, நீங்கள் வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, அவரைச் செய்யச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறாரோ அங்கே எழுதியது போதவில்லை. அண்ணனும் ஒருமுறை செய்து பார்க்கட்டும். கோடிங் சொல்லித் தந்தவருக்கு இது வராதா என்ன? பிறகு ராத்திரி முறையை மூன்று பேராவது பிரித்துக்கொள்ளுங்கள். ராத்திரி விழித்தவர் மறுநாள் தாமதமாக வரலாம் என்று எழுதி வையுங்கள். தினமும் வெட்டினால் மரம் பால் வற்றிப் பட்டை மரத்துப்போகும் என்று ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டுகிறார்களே, மனிதருக்கும் அப்படி ஒரு முறை இருக்க வேண்டாமா?

மூன்று வருடமாக அந்த டிஸ்க் நிறைந்துகொண்டே இருப்பது ஏன் என்று யோசித்தீர்களா? நீங்கள் எழுந்து போவதால்தான். அண்ணனுக்கு அந்தக் கோளாறு கண்ணில் பட்டதே இல்லை. காலையில் எழும்போது எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. சம்பளமும் அப்படியே. நீங்கள் பொறுத்துக்கொண்ட 16,000 அவருடைய கணக்குப் புத்தகத்தில் கடன் என்று ஏறியிருக்குமா என்பதே சந்தேகம். வங்கியில் அந்தப் பணத்தை வாங்கியிருந்தால் வட்டி கட்டியிருப்பார், தேதி தப்பினால் போன் வந்திருக்கும்.

டெக்னோபார்க் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விவரம் போதாது. 45,000 கையில் வருவதா, சிடிசியா, அதாவது உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவா என்று முதலில் கேளுங்கள். கம்பெனி தன் பங்குக்குக் கட்டும் பிஎஃப்பையும் அதற்குள் அடக்கியிருந்தால் உங்கள் கைக்கு வருவது குறையும். (உங்கள் இப்போதைய கம்பெனியில் 20 பேர் இல்லாததால் பிஎஃப் கட்டாயமில்லை. அங்கே பிடித்தம் தொடங்கும்போது சம்பளம் குறைந்ததாகத் தோன்றும், அது உங்கள் சேமிப்புதான்.) குழித்துறையில் ஏறி கழக்கூட்டத்தில் இறங்கித் தினமும் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் காலை வண்டியைப் பிடிக்க எத்தனை மணிக்கு எழ வேண்டும், சாயங்காலம் கிராஸிங்குக்காக எவ்வளவு நேரம் நிற்கும் என்று ஒரு நாள் சும்மா போய் வந்து பாருங்கள். வாரத்தில் எத்தனை நாள் ஆபீஸ் வர வேண்டும் என்பதையும் ஆஃபர் லெட்டரில் எழுதி வாங்குங்கள். வேலையும் வேறு மாதிரி இருக்கும். இங்கே டேட்டாபேஸ், சர்வர், டோக்கன் மெஷின், பில் கவுன்டரில் இருக்கிற அக்காவின் கோபம் எல்லாம் உங்கள் கை வழியாகப் போகிறது. அங்கே ஒரு மூலை தருவார்கள். மூன்று வருடம் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்த ஆளுக்கு ஒரு மூலையை ஆழமாகக் கற்பதும் நல்லதுதான், முதல் ஆறு மாதம் சலிக்கும்.

என்னைக் கேட்டால் போங்கள் என்பேன். அண்ணன் கணக்கைக் காட்டி, பாக்கியைத் தீர்த்து, ராத்திரி முறையைப் பிரித்துக் கொடுத்தால் மட்டும் இன்னும் ஆறு மாதம் யோசிக்கலாம். போவதென்றால் நோட்டீஸ் காலத்தை முழுசாக இருந்து, எழுதியதை ஒப்படைத்து, ரிலீவிங் லெட்டரைக் கையில் வாங்கிக்கொண்டு போங்கள். முகத்தில் முழிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் பழைய நிறுவனர் நான் விட்டபோது ஆறு மாதம் பேசவில்லை. ஏழாவது மாதம், ஒரு சந்தேகம் என்று அவரே போன் செய்தார்.

கடைசியாக ஒன்று, இது சம்பளத்தையும் டெக்னோபார்க்கையும்விட அவசரம். கோளாறு நேரம் தப்பாமல் இரண்டரைக்கு வருகிறது என்றால், அந்த நேரத்துக்கு ஏதோ ஒன்று ஓடும்படி யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். நேரம் குறித்து ஓடும் வேலைகளின் பட்டியலான கிரான்டாப்பைத் திறந்து பாருங்கள். அநேகமாக அது டேட்டாபேஸ் பேக்கப், அதே டிஸ்க்கில் போய் விழுகிறது. லாக்கை அழித்தாலும் இடம் திரும்ப வராமல் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்கிறீர்களே, அதற்குக் காரணம் புரோகிராம் அந்த ஃபைலை இன்னும் திறந்து வைத்திருப்பது. திறந்திருக்கும்வரை, அழித்தால் பெயர் போகும், இடம் திரும்பக் கிடைக்காது. பழைய லாக்கைத் தானாகவே கழிக்கும் லாக்ரொட்டேட் போட்டு ஏழு நாளுக்கு மேல் வைக்காமல் பாருங்கள். டிஸ்க் 75 சதவீதம் தாண்டினால் பகலில் ஒரு மெசேஜ் வரட்டும், அது ராத்திரி போனை விட நல்லது. பேக்கப்பை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். அரை நாள் வேலை.

ஆனால் அதற்கும் முன்னால், டிஸ்க் நிறைந்த ராத்திரிகளில் எடுத்த பேக்கப் முழுசாக இருக்க வாய்ப்பு குறைவு. பாதியில் நின்றிருக்கும். கடைசியாக எடுத்ததை இன்றைக்கே இன்னொரு மெஷினில் ஏற்றி, நேற்றைய பில்கள் அதில் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். இல்லையென்றால் காலை வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே அண்ணனைக் கூப்பிடுங்கள். இந்த ஒரு தடவை அவரும் எழுந்திருக்கட்டும்.